இரண்டு விஷயம்

ரயிலுக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த வருஷம்.
வெடிச் சத்தத்தில் காளைகள் மிரண்டன.
ஆரியங்காவு சுங்கத்தில் வண்டியை அவிழ்த்து
தண்ணி காட்டி, மறுபடி பூட்டி,
ஆவுடையப்ப பிள்ளை போகிறார்
திருவனந்தபுரத்துக்கு, பிரஜா சபை மெம்பராக.
மடியில் ஒரு தலைப்பாகை, இரவல்.
அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

கூட நான், குமாஸ்தா.
அவர் தமிழைக் கேட்டு மலையாளத்தில் எழுத
ஓர் ஆள் வேண்டுமே.

அவரை அனுப்பியவர்கள் பதினேழு பேர்.
எல்லாரும் பெரிய தீர்வை கட்டுகிறவர்கள்.
அதில் நாலு பேருக்கு அவரோடு வரப்பு வழக்கு.
ஆனாலும் கை தூக்கினார்கள்.
"கோர்ட்டில் இவன் வாயைக் கேட்டவர்கள் நாங்கள்" என்றார் ஒருவர்.

கட்சி என்ற சொல் எங்களிடம் இருந்தது.
வாதி கட்சி, பிரதிவாதி கட்சி.
மாசியில் லாவணிக்காரர்கள் வந்தால்
காமன் எரிந்த கட்சி, எரியாத கட்சி.
விடிந்ததும் இரண்டு கட்சியும்
ஒரே கடையில் பழைய சோறு வாங்கும்.
வேறு அர்த்தத்துக்கு அந்தச் சொல்
இன்னும் கணவாய் தாண்டி வரவில்லை.

சபையில் தாலுகா வரிசையாக உட்கார்ந்தார்கள்.
ஒருவர் மடியில் மிளகு,
ஒருவர் மடியில் உப்பளம்,
ஒருவர் மேல் தொண்டு அழுகும் காயல் வாடை.
பக்கத்து மடியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
பிள்ளைவாளின் மடியில் மூன்று:
காட்டில் மேயும் மாட்டுக்கு வரி,
கணவாய் ஏறும் அரிசிக்குச் சுங்கம்,
மொட்டப்பாறை ஓடைக்கு ஒரு பாலம்.
போன ஐப்பசியில் மருத்துவச்சி
அக்கரையிலேயே நின்றுவிட்டாள்.
இக்கரையில் அவர் மருமகள்.
இதை அவர் சபைக் குறிப்பில் எழுதச் சொல்லவில்லை.

ஆனால் சட்டம்: மெம்பர் ஒருவருக்கு இரண்டு விஷயம்.
மூன்றாவதற்கு வாய் திறந்தால் திவான் மணியைத் தட்டுவார்.

மதியம், கைகழுவும் இடத்தில்,
மீனச்சில் தாலுகா இட்டூப்பு தரகன்
கிண்டியைச் சாய்த்துக்கொண்டே சொன்னார்:
"எனிக்கு ஒரே விஷயம்தான். மற்றது சும்மா கிடக்கிறது.
வேணுமோ?"

கத்திரிக்காய் கேட்டவனுக்கு
வெண்டைக்காயும் எடுத்துக்கோ என்பது போல.
அதற்கு அன்றைக்குப் பெயரில்லை.
நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

தரகன் நன்றாகவே பேசினார்.
ஓடையின் வேகத்தைக் கையால் காட்டினார்,
பார்த்தே இராத ஓடை.
திவான் தலை அசைத்தார்.
மாட்டு வரிக்கும் சுங்கத்துக்கும்
"ஆலோசிக்கப்படும்."
பாலத்துக்கு மட்டும் "அனுமதிக்கப்பட்டது."

ஒன்றரை வருஷத்தில் பாலம் எழுந்தது.
மீனச்சிலில்.
அங்கேயும் இருக்கிறதாம் ஒரு மொட்டப்பாறத் தோடு.

சீட்டில் நான் தாலுகா பெயரை எழுதவில்லை.
எழுதியிருந்தாலும் அதைப் பிழை என்று திருத்தியிருப்பார்கள்.
ஒருவன் எழுந்து நின்று
இன்னொருவன் ஊருக்காகக் கேட்பான் என்று
அந்தக் கச்சேரியில் எந்தப் பேனாவுக்கும் தோன்றாது.

தரகன் கடிதம் போட்டார்:
"என் பெண்ணுங்கள் உங்கள் பாலம் வழியே பள்ளிக்குப் போகிறார்கள்.
வெட்கமாயிருக்கிறது. இந்த வருஷம் உங்களுக்காக
என் இரண்டையும் கேட்கிறேன். எழுதுங்கள்."
பிள்ளைவாள் அப்போது மெம்பர் இல்லை.
வரப்பு வழக்குக்காரர்களில் ஒருவர் மெம்பர்.
அவருக்குத் தலைப்பாகை சொந்தத்தில் இருந்தது.

வேறு வேலையாய்ப் போனபோது அந்தப் பாலத்தை நான் பார்த்தேன்.
நடுவில் ஓர் ஆடு படுத்திருந்தது.
திரும்பி வந்து சொன்னேன்.
ஓடைக்கரையில் நின்றுகொண்டு பிள்ளைவாள் கேட்டது இவ்வளவுதான்:
"எத்தனை கண்?"
"மூன்று."
"நான் இரண்டுதானே கேட்டேன்" என்று
வேட்டியை மடித்துக் கட்டி
தண்ணீரில் இறங்கினார்.